வயலின் தனி வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கர்நாடக வயலின் சொல்லிக் கொடுப்பவள். ஒரு நேரத்தில் ஒரு மாணவர்தான் வகுப்பில் இருப்பார். சேர விசாரிப்பவர்களும், சேர்ந்து சில மாதம் ஆனவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். வேறு ஆசிரியரிடம் கற்பவர்களுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஏன் ஒருவருக்கு மட்டும்? நாலைந்து பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் கட்டணமாவது குறையுமே?

குறையும், மறுக்கவில்லை. ஆனால் வயலினில் மெட்டு, அதாவது விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் கட்டை, கிடையாது. வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன. சரியான மெட்டில் விரல் வைத்தால் ஸ்வரம் ஏறத்தாழ அந்த இடத்தில் நின்றுவிடும். வயலினில் விரல் ஒரு நெல் அகலம் தள்ளிப் போனாலே ஸ்வரம் மாறிவிடுகிறது. புதிதாகக் கற்பவர்கள் ஐந்து பேர் சேர்ந்து இழுத்தால் ஐந்தும் கொஞ்சம் கொஞ்சம் விலகி, கலந்து, ஒரே இரைச்சலாகக் கேட்கும். அதில் யாருடைய ரிஷபம் இறங்கியது என்று எனக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கோ தன் வயலின் சத்தமே தனியாகக் கேட்காது. ஆரம்பத்தில் இப்படிப் பழகிய காதைத் திருத்துவதுதான் பின்னால் பெரிய வேலையாகிறது.

இன்னொன்று, கை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குச் சுண்டு விரல் குட்டை, ஒருவருக்குத் தோள் இறுகும், ஒருவர் கட்டைவிரலை வயலின் கழுத்தில் போட்டு நெரிப்பார். எல்லாருக்கும் பொதுவாக ஒரு திருத்தம் சொல்ல முடியாது.

நம்முடைய பெரிய வயலின் வித்வான்கள் பலர் எப்படிக் கற்றார்கள் என்று பாருங்கள். லால்குடி ஜெயராமன் தந்தை கோபாலய்யரிடம், டி.என். கிருஷ்ணன் தந்தை நாராயணய்யரிடம், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் தந்தை பரூர் சுந்தரமய்யரிடம், குன்னக்குடி வைத்தியநாதன் தந்தை ராமசாமி சாஸ்திரியிடம். வீட்டுக்குள்ளேயே ஒரு ஜோடிக் காது அவர்களுடைய சாதகத்தை, அதாவது தினசரிப் பயிற்சியை, கேட்டுக்கொண்டிருந்தது. வாரம் இரண்டு நாள் வரும் பிள்ளைக்கு அந்த அளவு கிடைக்காது. வந்திருக்கும் நேரமாவது முழுசாக அதற்கே இருக்கட்டும் என்பதுதான் என் கணக்கு.

45 நிமிஷம் என்ன நடக்கும்?

முதல் ஐந்து நிமிஷம் சுருதி சேர்ப்பது. முதல் வருஷம் பெரும்பாலும் நான்தான் சேர்ப்பேன். ஆனால் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகும்போது "ஏறணுமா, இறங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பிள்ளை தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல், சொன்ன பக்கமே கொஞ்சம் திருகுவேன். இன்னும் மோசமாவது கேட்டதும் தானே "இல்லை, இல்லை" என்று கையை ஆட்டும்.

அடுத்தது வெறும் தந்தி. இடது கைக்கு வேலை இல்லை. வில்லின் அடியிலிருந்து நுனி வரை, நுனியிலிருந்து அடி வரை, எண்ணிக்கையோடு நிதானமாக இழுக்க வேண்டும். பார்ப்பவருக்கு அலுப்பாக இருக்கும். ஆனால் வயலினில் நாதம் என்று ஒன்று உண்டானால் அது வலது கையில்தான் உண்டாகிறது. வில், தந்திகளைத் தாங்கும் குதிரைக்கு இணையாகப் போக வேண்டும். பாதி தாண்டியதும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கை பின்பக்கம் இழுத்துக்கொள்ளும். வில் கோணலாகி, விரல் பலகை மேல் சறுக்கி, சத்தம் காற்றாகப் போகும். அதற்காகவே எதிரே ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். நான் பத்துத் தடவை சொல்வதைக் கண்ணாடி ஒரே தடவையில் சொல்லிவிடும்.

அப்புறம் பாடம். முதலில் பாடுவோம், கையால் தாளம் போட்டு. பிறகு நான் ஒரு வரி வாசிப்பேன், மாணவர் திருப்பி வாசிப்பார். மூன்றாவதாக இருவரும் சேர்ந்து. நான்காவது கட்டம்தான் முக்கியம்: சேர்ந்து வாசிக்கும்போதே சொல்லாமல் நான் நிறுத்திக்கொள்வேன். என் சத்தத்தில் சாய்ந்துகொண்டு வந்த விரல் அந்த இடத்திலேயே தடுமாறும். உண்மையிலேயே பாடம் வந்த விரல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பாடம் வந்ததா இல்லையா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்.

கடைசியில் பழைய பாடத்தில் ஒன்று, அந்த வாரத்துக்கான சாதகம் என்ன என்று இரண்டு வரி. அவ்வளவுதான்.

கற்க வந்தது வயலின். ஏன் பாடச் சொல்கிறீர்கள்? என் பையனுக்குக் குரலே வராது.

குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுருதிக்குள் முனகினால் போதும். விரல் எங்கே போக வேண்டும் என்பதை முன்கூட்டியே மனசு கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வைக்கிற விரல், வைத்துப் பார்த்துத் தடவித் தடவி ஸ்வரத்தைத் தேடும். அந்தத் தேடல் பழக்கமாகிவிட்டால் வாசிப்பு முழுக்க வழுக்கலாகவே இருக்கும்.

தாளமும் ஒரு காரணம். வாய்ப்பாட்டு மாணவர் தொடையில் தாளம் போட்டுக்கொள்கிறார். வயலின்காரருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கிறது. காலால் தட்டலாம் என்றால் வலது பாதத்தின் மேல்தான் வயலின் தலை உட்கார்ந்திருக்கிறது; ஆட்டினால் வயலினும் ஆடும். ஆகவே ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையும் உடம்புக்குள் ஓட வேண்டும். கையால் போட்டுப் பாடிப் பாடித்தான் அது உள்ளே இறங்கும்.

காது போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வயலின் வித்வான் எம். சந்திரசேகரனை நினைவுபடுத்துவேன். சிறு வயதிலேயே பார்வை போனவர். தாய் சாருபாலா மோகன்தான் அவருக்குக் குரு. அம்மா சொன்னதும் வாசித்ததும்தான் அவருக்குப் பாடப் புத்தகம்.

எந்த வயதில் சேர்க்கலாம்?

ஏழு வயது சௌகரியம். அதற்கு முன்பே ஆர்வம் இருந்தால் ஆறு மாதமோ ஒரு வருஷமோ பாட்டு கற்கட்டும். அது வீண் போகாது. ஐந்து வயதில் கையில் வயலினைக் கொடுக்கும் முறைகள் உலகத்தில் இருக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. ஆனால் அங்கே தாயோ தந்தையோ தினமும் கூட உட்காருகிறார்கள். உங்களால் அது முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த அளவு வயலின் வாங்குவது?

தயவு செய்து வாங்கிவிட்டு வராதீர்கள். முதலில் கையை அளக்க வேண்டும். "எப்படியும் வளர்வான்" என்று முழு வயலினை வாங்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. வளர்கிற பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாக எடுக்கலாம், வயலினை எடுக்கக் கூடாது. காரணம் சொல்கிறேன். முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் இருக்கிறது. அதில் ரி-க்கும் க-வுக்கும் நடுவே இடைவெளி அதிகம். அதாவது முதல் பாடத்திலேயே முதல் விரலும் இரண்டாம் விரலும் நன்றாக விரிய வேண்டும். பெரிய வயலினில் எட்டு வயதுக் கை அங்கே எட்டாது. எட்டாத விரல் இறுகும், இறுகின விரல் கமகம் (ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது) பேசாது.

பொதுவாக ஏழிலிருந்து ஒன்பது வயதுக்கு அரை அளவு, ஒன்பதிலிருந்து பதினொன்று வரை முக்கால், அதற்கு மேல் முழு அளவு என்று வரும். ஆனால் வயதைவிடக் கை நீளமே கணக்கு. வாடகைக்கோ பழையதோ கிடைத்தால் முதல் இரண்டு அளவுக்கும் அதையே எடுங்கள். கடையில் பார்க்க வேண்டியது மூன்று: பிரடை வழுக்காமல் நிற்கிறதா, குதிரை அளவுக்கு மீறி உயரமாக இல்லாமல் இருக்கிறதா, வில் நேராக இருக்கிறதா. வார்னிஷ் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மேற்கத்திய வயலின் நின்றுகொண்டு வாசிக்கிறார்கள். நாம் ஏன் தரையில்?

வாத்தியம் அதேதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு அதில் நம் சங்கீதத்தை வாசித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. தஞ்சை நால்வர் என்று பேர் பெற்ற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் அதே காலத்தில் வயலினைக் கையாண்டவர். வாத்தியத்தை அப்படியே எடுத்துக்கொண்டவர்கள் பிடிக்கும் முறையை மட்டும் மாற்றிவிட்டார்கள். வயலினின் ஒரு முனை மார்பில், இடது தோள்பட்டை எலும்பை ஒட்டி. தலை வலது பாதத்தின் மேல். இரண்டு முனையும் நின்றுவிடுவதால் வயலினைத் தாங்கும் பொறுப்பு இடது கைக்கு இல்லை. அது தந்தி மேல் கீழே வரை சறுக்கிப் போய்த் திரும்பலாம். கமகத்துக்கு அந்தச் சுதந்திரம் தேவை.

முழங்கால் மடக்க முடியாத பெரியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கற்கலாம். தலைக்கு ஒரு தாங்கல் ஏற்பாடு செய்துகொண்டால் சரியாகிவிடும்.

எந்தக் கட்டையில் சுருதி வைக்க வேண்டும்?

கட்டை என்பது 'ச' எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைச் சொல்லும் அளவு. மேற்கத்திய முறையில் நாலு தந்தியும் ஜி, டி, ஏ, ஈ. நமக்கு மந்தர (கீழ்) ச, மந்தர ப, மத்திய (நடு) ச, மத்திய ப. சின்னப் பிள்ளைகளுக்கு நான் ஐந்து கட்டை, அதாவது ஜி, வைக்கிறேன். கீழ்த்தந்தி இரண்டும் ஜி, டி என்று இருந்தபடியே இருக்கும். மேல்தந்தி இரண்டை மட்டும் ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் ஜி, டி ஆகிவிடும். தந்தி தளராது, பிள்ளைகளுக்குப் பாடவும் அந்தச் சுருதி ஒத்துவரும். பெரியவர்கள் தனியாக வாசிக்க இரண்டிலிருந்து மூன்று கட்டை வரை நன்றாக இருக்கும். ஒரு கட்டைக்கு இறக்கினால் சாதாரணத் தந்தி தொளதொளவென்று ஆகும். தடித்த தந்தி மாட்ட வேண்டும்.

விரல் வைக்கிற இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டினால் சுலபமாக இருக்குமே?

சுலபமாகத்தான் இருக்கும், அதுதான் தொல்லை. கண் வேலை செய்ய ஆரம்பித்ததும் காது ஓய்வெடுத்துக்கொள்கிறது. குனிந்து குனிந்து பார்த்துக் கழுத்தும் கூன் விழும். மிகவும் தடுமாறுகிற பிள்ளைக்கு முதல் விரல் இடத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கோடு போடுவேன். அது தானாக அழியும்போது மறுபடி போட மாட்டேன்.

நான்கு மாதமாகச் சரளி வரிசைதான். பாட்டு எப்போது வரும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம் என்கிற வரிசையில் ஆரம்பப் பாடங்களைப் புரந்தரதாசர் அமைத்ததாகச் சொல்வார்கள்; ஸ்வரஜதியும் வர்ணமும் அதற்குப் பின்னால் வரும். அவர் 15, 16-ஆம் நூற்றாண்டுக்காரர். வயலினுக்காக யாரும் இதைச் செய்யவில்லை. ஆனால் மாயாமாளவகௌளை வயலினுக்கென்றே அளந்து தைத்ததுபோல் பொருந்துகிறது. மத்திய ச தந்தியை வெறுமனே இழுத்தால் ச. முதல் விரல் ரி, இரண்டாம் விரல் க, மூன்றாம் விரல் ம. அடுத்த தந்தி வெறுமனே ப. அதே விரல்கள், அதே இடைவெளி: த, நி, மேல் ச. கை மாறவே வேண்டாம், தந்தி மட்டும் மாறுகிறது. கீழே இருக்கும் மந்தர தந்திகள் இரண்டிலும் இதே கதைதான். இந்த ஒரு கை அமைப்பு பழகிவிட்டால் வயலினின் நாலு தந்தியும் உங்கள் வசம். அதனால்தான் இங்கே அவசரப்பட மாட்டேன்.

அப்புறம், வெளியிலிருந்து கேட்பவருக்கு நான்கு மாதமும் ஒரே பாடம்போல இருக்கும். உள்ளே அப்படியில்லை. முதல் காலத்தில் (வேகத்தில்) ஒரு ஸ்வரத்துக்கு ஒரு வில். இரண்டாம் காலத்தில் ஒரு வில்லுக்கு இரண்டு ஸ்வரம், பிறகு நாலு. வில்லின் எந்தப் பாகத்தை எந்த ஸ்வரத்துக்குச் செலவழிப்பது என்கிற சிக்கனம் அப்போதுதான் வருகிறது. நாலாவது ஸ்வரம் வருவதற்குள் வில் தீர்ந்துபோய் மாணவர் முழிப்பதை எல்லா வாரமும் பார்க்கிறேன். அது ஒரு நல்ல முழிப்பு.

ஜண்டை வரிசை அடுத்த படி. ச ச ரி ரி என்று இரட்டையாக வரும்போது இரண்டாவது ஸ்வரத்துக்குக் கீழிருந்து ஒரு தட்டு கொடுக்க வேண்டும். ரி ரி என்றால் இரண்டாவது ரிக்கு முன்னால் விரல் ஒரு கணம் ச-வைத் தொட்டு வரும். இது கையில் வர வாரக்கணக்கில் ஆகும். வெறும் தந்தியில் வரும் ச-வுக்கும் ப-வுக்கும் இந்த வித்தை நடக்காது; கீழே இறங்க அந்தத் தந்தியில் இடமே இல்லை. அங்கே அழுத்தத்தை வில்தான் தர வேண்டும். ஒரே வரியில் ஓர் இடத்தில் விரல் பேசுகிறது, ஓர் இடத்தில் வில் பேசுகிறது. கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்க வேண்டும். கூட்டத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கவே முடியாத பாடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

சரி, பாட்டு எப்போது? அலங்காரம் ஏழும் மூன்று காலத்தில் நின்ற பிறகு மலகரி ராகத்தில் கீதம். பெரும்பாலானவர்களுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். நடுவில் பிள்ளை சோர்ந்துபோனால், காதுக்குப் பழகிய சின்ன மெட்டு எதையாவது, தேசிய கீதமாகவோ நாமாவளியாகவோ இருக்கலாம், தானாகக் கண்டுபிடித்து வாசிக்கச் சொல்வேன். ஸ்வரம் எழுதித் தர மாட்டேன்.

கமகம் எப்போது ஆரம்பிப்பீர்கள்?

ஜண்டையிலேயே ஆரம்பித்துவிடுகிறது, நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வெளிப்படையாக வருவது வர்ணத்தில். மோகனம் மாதிரி ஐந்து ஸ்வர ராகத்தில் முதல் வர்ணம் வாசிக்கும்போது அசைவுகள் அளவாக இருக்கும். தோடி வந்ததும் நிலவரமே மாறும். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்கிற ஸ்வரம் இல்லை, ரி-க்கும் ம-வுக்கும் நடுவே ஊசலாடுவது. விரல் எங்கே ஆரம்பித்து எங்கே திரும்புகிறது, எத்தனை வேகத்தில், எங்கே கொஞ்சம் தங்குகிறது என்பதை எழுதிக் காட்ட வழியில்லை. நான் பாடிக் காட்டுவேன், வாசித்துக் காட்டுவேன், சில சமயம் என் விரல் மேல் மாணவரின் விரலை வைத்து நகர்த்திக் காட்டுவேன். பிறகு அவர் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

வெறுமனே விரலை அதிர வைப்பது கமகம் ஆகாது. எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி ஆட்டுகிற பழக்கம் வந்தவர்களை முதலில் ஆடாமல் நிறுத்தி வாசிக்கச் சொல்வேன்.

தினமும் எத்தனை நேரம் சாதகம்?

சின்னவர்களுக்குக் காலையில் இருபது நிமிஷம், மாலையில் இருபது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்பது எதற்கும் உதவாது, விரல் நுனி வலிப்பதுதான் மிச்சம். தம்பூரா செயலியோ சுருதிப் பெட்டியோ ஓடாமல் வில்லைத் தொடக் கூடாது. ஒரு வரி மூன்று தடவை பிசகில்லாமல் வந்தால் அடுத்த வரி. தப்பு வந்தால் முதலிலிருந்து வாசிக்காமல், தப்பு வந்த இடத்தின் முன் ஸ்வரத்திலிருந்து எடுக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முதலிலிருந்தே போவார்கள். தெரிந்த முதல் பாதி மேலும் நன்றாகத் தெரியும், தெரியாத இடம் தெரியாமலேயே இருக்கும்.

நோட்டைப் பார்த்து வாசிக்கலாமா?

நோட்டு மறதிக்காக. வகுப்பில் மூடித்தான் இருக்கும். பாடம் முடிந்த பிறகு எழுதிக்கொள்ளலாம். மாணவர் தானே எழுதினால் இன்னும் நல்லது. கீர்த்தனை வந்ததும் சாகித்தியத்தையும் (பாட்டின் சொற்களையும்) மனப்பாடம் செய்யச் சொல்வேன். வயலினில் சொல் கேட்காதே என்று நினைக்க வேண்டாம். வில் திரும்பும் இடம் சொல்லின் நடுவில் விழுந்தால் பாட்டுத் தெரிந்த ரசிகருக்குச் சட்டென்று உறுத்தும். லால்குடி ஜெயராமன் வாசிப்பைப் பாடுவதுபோல் இருக்கிறது என்று சொன்னார்களே, அதில் வில்லுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாங்கள் வகுப்பில் உட்காரலாமா? சுசுகி முறையில் அம்மாவும் கூடவே இருக்க வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998), குழந்தை தாய்மொழியைக் கற்கிற மாதிரியே இசையையும் கற்கும் என்று நம்பியவர். நிறையக் கேட்க வைப்பது, பெற்றோர் வகுப்பில் இருந்து வீட்டில் பயிற்சியைப் பார்த்துக்கொள்வது, தனி வகுப்போடு அவ்வப்போது கூட்டு வகுப்பும் நடத்துவது, இவை அவருடைய வழி. காதை முன்னால் வைப்பதில் நமக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் பாட்டிலிருந்து தொடங்குகிறார், நாம் வரிசையிலிருந்து.

நான் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பெற்றோரை முதல் மூன்று மாதம் உட்காரச் சொல்கிறேன். இரண்டு நிபந்தனை. வகுப்பு நடக்கும்போது திருத்தக் கூடாது. போனில் படம் எடுக்கக் கூடாது. கடைசியில் நானே பாடத்தை வாசித்து ஒலிப்பதிவு செய்து தருவேன். வீட்டில் நீங்கள் சங்கீதம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. சுருதி ஓடுகிறதா, வில் நேராகப் போகிறதா, இந்த இரண்டை மட்டும் பாருங்கள். "அந்த மிஸ் சொன்ன மாதிரி இல்லையே" என்பதை என்னிடம் விட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் கற்க முடியுமா?

ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு முடியும். முதல் ஆறு மாதம் நேரில் வருவதையே விரும்புவேன், கையைத் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். ஆன்லைனில் சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும், அதனால் இருவரும் சேர்ந்து வாசிக்க இயலாது. நான் மேலே சொன்ன மூன்றாவது, நான்காவது கட்டங்கள் இரண்டும் போய்விடுகின்றன. பதிலுக்கு என் பதிவோடு சேர்ந்து வாசித்து அதை அனுப்பச் சொல்கிறேன். ஜூம் பயன்படுத்தினால் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தம்பூராவையும் நீண்ட வில்லையும் வேண்டாத இரைச்சல் என்று நினைத்து அது அமுக்கிவிடும். கேமரா முகத்துக்கு வேண்டாம். இடது கை விரல்களும் வில்லும் தெரிய வேண்டும்.

பரீட்சைக்குத் தயார் செய்வீர்களா?

விரும்புபவர்களுக்குச் செய்கிறேன். இலங்கைப் பிள்ளைகள் வட இலங்கைச் சங்கீத சபைத் தேர்வுகளுக்கு வருகிறார்கள். இங்கே அரசு இசைக் கல்லூரியில் சேர நினைப்பவர்களும் உண்டு. முழுநேரமாகக் கற்க ஆசைப்படுபவர்களுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகளும் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு இசைக் கல்லூரிகளும் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்து பாடத்திட்டத்தைக் கொடுத்து "இதை மட்டும்" என்று கேட்டால் மட்டும் முடியாது.

சினிமாப் பாட்டு வாசிக்கக் கூடாதா?

தாராளமாக. காதால் கேட்டு, தானே பிடித்து வாசித்தால் நல்ல பயிற்சி. விரல் எண் போட்டுக் காட்டும் வீடியோவைப் பார்த்து வாசித்தால் பயிற்சியும் இல்லை, பாட்டும் இல்லை.

தனியாகவே கற்றால் மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்க வராதே?

நியாயமான பயம். தனி வகுப்பின் பலவீனம் இதுதான். பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க யாரும் இல்லை, ஆசிரியர் ஒருவருக்கே வாசித்துப் பழகிவிடுகிறது. வேறு ஆள் முன்னால் வில் நடுங்குகிறது. இதற்காக மாதம் ஒரு ஞாயிறு எல்லாரையும் சேர்த்து உட்கார வைக்கிறேன். சேர்ந்து வாசிப்பது கொஞ்சம்தான், ஒவ்வொருவரும் வாசிக்க மற்றவர்கள் தாளம் போடுவதுதான் அதிகம். வாய்ப்பாட்டு கற்கும் பிள்ளைகள் சிலரும் வருவார்கள்.

எனக்கு வயது 48. இனி வருமா?

வரும். பெரியவர்களுக்குச் சங்கீத ஞானம் ஏற்கனவே இருக்கும், தப்பு எங்கே என்று அவர்களுக்கே தெரியும். சிரமமும் அங்கேயே இருக்கிறது: மனசு கேட்டிருப்பது எம்.எஸ். கோபாலகிருஷ்ணனை, கையில் வருவது கீச்சுச் சத்தம். முதல் வருஷம் அந்த வித்தியாசத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். விரல் விரிவது மெதுவாகத்தான் நடக்கும். தோள்வலி வந்தால் உடனே சொல்லுங்கள், வலியோடு சாதகம் வேண்டாம்.

வேறு ஆசிரியரிடம் வர்ணம் வரை வந்திருக்கிறோம். மறுபடி சரளியா?

முதல் இரண்டு வகுப்பு வெறுமனே கேட்பேன். கை நன்றாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வில்லிலோ சுருதியிலோ பிசகு இருந்தால் வர்ணத்தை நிறுத்தாமல் பக்கத்திலேயே சரளியும் ஓடும். முந்தைய ஆசிரியர் பாடாந்தரம் (பாட்டைச் சொல்லிக் கொடுக்கும் வழி) வேறாக இருக்கலாம். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள்.

கச்சேரிக்குப் பக்கவாத்தியம் வாசிக்க எத்தனை வருஷம்?

வருஷக் கணக்கு சொல்ல மறுத்துவிடுகிறேன், ஆனால் எப்படித் தயார் செய்கிறேன் என்று சொல்லலாம். கீர்த்தனைகள் கொஞ்சம் சேர்ந்ததும் பாட நேரத்தில் பத்து நிமிஷம் வேறு விளையாட்டு. நான் வயலினைக் கீழே வைத்துவிட்டு ராகத்தில் ஒரு பிடி, அதாவது சின்ன ஸ்வரத் தொடர், பாடுவேன். மாணவர் என்னைப் பார்க்காமல், அப்படியே வாசித்துத் தர வேண்டும். முதலில் நாலு ஸ்வரம், பிறகு ஒரு மூச்சு நீளம். அடுத்த கட்டத்தில் நான் பாடி முடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது, நிழல்போல் ஒரு கணம் பின்னால் வந்துகொண்டே இருக்க வேண்டும். கடைசியில் நான் பாடாத ஒரு பிடியை அதே ராகத்தில் அவர் பதிலாகச் சொல்ல வேண்டும். பாடகர் எந்தச் சுருதியில் பாடுகிறாரோ அதற்குத் தந்தியை மாற்றிக்கொள்ளவும் தெரிய வேண்டும். ஆண் பாடகருக்கு ஒரு கட்டை, மறுநாளே பெண் பாடகருக்கு ஐந்தரை என்று வரும். தனி வகுப்பில் மட்டுமே நடக்கக்கூடிய பாடம் இது. பாடம் எடுக்க எனக்கே மிகவும் பிடித்ததும் இதுதான்.

முதல் வகுப்புக்கு என்ன கொண்டு வர வேண்டும்?

இடது கை நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வாருங்கள். நகம் இருந்தால் விரல் நுனி தந்தியில் படியாது. வயலின் ஏற்கனவே இருந்தால் எடுத்து வரலாம். புது வில்லாக இருந்தால் ரோசினும் (வில்லில் தேய்க்கும் பிசின்) வேண்டும், புது ரோமத்தில் ரோசின் ஏறாமல் சத்தமே வராது. வில்லின் ரோமத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் அந்த இடம் தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும். வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்திவிட்டுப் பெட்டியில் வையுங்கள், மூடிய காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உட்கார வசதியான உடை போதும். ஜீன்ஸ் வேண்டாம்.